நியூட்ரினோவின் எடை எவ்வளவு? பிரபஞ்சத்தின் பழைய ஒளியும் பூமியின் ஆய்வகங்களும் மோதும் இடம்

கேபிள் டிவி வராத காலம் நினைவிருக்கிறதா? மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் "இன்னும் கொஞ்சம்... போச்சு, போச்சு, மறுபடியும் திருப்பு" என்று கத்துவார். தூர்தர்ஷனும் கிடைக்காமல், ரூபவாஹினியும் கிடைக்காமல், திரை முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் பூச்சி மாதிரி ஓடும். கூடவே 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல்.

அந்தப் புள்ளிகளில் நூற்றுக்கு ஒன்று, பூமியிலிருந்து வந்ததே இல்லை. சூரியனிலிருந்தும் இல்லை. பிரபஞ்சம் பிறந்த சிறிது காலத்தில் கிளம்பி, சுமார் 1,380 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்து, உங்கள் வீட்டு ஆன்டெனாவில் முடிந்த ஒளி அது.

இந்தப் பழைய ஒளியை வைத்து, உலகிலேயே பிடிக்கச் சிரமமான ஒரு துகளின் எடையைக் கணிக்கிறார்கள் விஞ்ஞானிகள். அதே துகளைப் பூமியில் பெரிய பெரிய கருவிகளை வைத்து ஆராய்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் பல ஆண்டுகள் ஒத்துப்போனார்கள். இப்போது முதன்முறையாக லேசாக இடிக்கிறது. எங்கே இடிக்கிறது, ஏன் அது முக்கியம்?

புறா எச்சமா, பிரபஞ்சமா?

1964. அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில் ஹோம்டெல் என்ற ஊர். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் பெரிய கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றை வைத்து வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு இரைச்சல் மட்டும் போகவே இல்லை. பகல், இரவு, கோடை, குளிர், எந்தத் திசையில் திருப்பினாலும் அதே அளவு.

கருவியைக் கழற்றி மாட்டினார்கள். இணைப்புகளை ஒட்டினார்கள். ஆன்டெனாவுக்குள் இரண்டு புறாக்கள் குடியிருந்தன. அவற்றின் எச்சத்தைச் சுரண்டித் துடைத்தார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது.

அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கி தலைமையில் ஒரு குழு, இப்படி ஒரு கதிர்வீச்சு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதைத் தேடக் கருவி செய்துகொண்டிருந்தது. தொலைபேசியில் இரு தரப்பும் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. பிரின்ஸ்டன்காரர்கள் தேடிக்கொண்டிருந்ததை, பெல் ஆய்வகக்காரர்கள் தேடாமலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்! 1965ல் இரு குழுக்களின் கட்டுரைகளும் ஒன்றாக வெளியாகின. பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் 1978ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1948லேயே ரால்ஃப் ஆல்ஃபர், ராபர்ட் ஹெர்மன் இருவரும் இப்படி ஒரு எஞ்சிய கதிர்வீச்சு இருக்கும் என்று எழுதிவிட்டார்கள். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஒளி எங்கே இருந்து கிளம்பியது?

பிரபஞ்சம் தொடக்கத்தில் மிகமிகச் சூடாக இருந்தது. அணுக்கள் உருவாக முடியாது. எலெக்ட்ரான்கள் தனித்தனியாக அலைந்துகொண்டிருந்தன. ஒளி ஒரு அடி எடுத்து வைத்தால் ஏதோ ஒரு எலெக்ட்ரானில் முட்டித் திரும்பும். மார்கழிப் பனிமூட்டத்தில் பஸ் ஹெட்லைட் போட்ட மாதிரி, எல்லாம் வெளிச்சம், ஆனால் எதுவும் தெரியாது.

பெருவெடிப்பு நடந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து வெப்பம் ஏறக்குறைய 3,000 கெல்வினுக்கு இறங்கியது. எலெக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கின. மூட்டம் விலகியது. அடைபட்டிருந்த ஒளி அன்று கிளம்பியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையே பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிந்துவிட்டது. ஒளியும் சேர்ந்து நீண்டு, ஆறி, மைக்ரோவேவ் அலையாக மாறிவிட்டது. இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்.

இதைத்தான் 'காஸ்மிக் மைக்ரோவேவ் பின்னணி' என்கிறார்கள். உங்களைச் சுற்றியுள்ள வெளியில் ஒவ்வொரு கனசென்டிமீட்டரிலும் இதன் ஒளித்துகள்கள் சுமார் 411 இருக்கின்றன.

இந்த ஒளி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஆனால், உற்றுப்பார்த்தால் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு அங்கங்கே சூடு கூடுதலாகவும் குறைவாகவும் இருக்கிறது. 1992ல் நாசாவின் கோபி செயற்கைக்கோள் இந்த ஏற்றத்தாழ்வை முதலில் காட்டியது. பிறகு டபிள்யூமேப், அதன்பின் ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளாங்க் செயற்கைக்கோள் இன்னும் நுணுக்கமாகப் படமெடுத்தன. அந்தப் புள்ளிகளின் அளவிலும் அமைப்பிலும்தான் துகள் இயற்பியலுக்கான தகவல் ஒளிந்திருக்கிறது.

நியூட்ரினோ: யாரையும் கண்டுகொள்ளாத துகள்

இந்தக் கதையின் நாயகன் நியூட்ரினோ. மின்சுமை கிடையாது. எதனுடனும் சட்டென்று உறவாடாது. சூரியனிலிருந்து மட்டும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாகப் போகின்றன. நகத்துக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பூமியே அதற்கு ஒரு தடை இல்லை.

1930ல் வோல்ஃப்காங் பவுலி இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று கணித்தார். நேரில் பிடிக்க 1956 வரை ஆனது. இன்று மூன்று வகை தெரியும்: எலெக்ட்ரான் நியூட்ரினோ, மியூவான் நியூட்ரினோ, டாவ் நியூட்ரினோ.

பெருவெடிப்பு நடந்த ஏறக்குறைய முதல் நொடியிலேயே நியூட்ரினோக்கள் மற்றத் துகள்களின் கூட்டத்திலிருந்து கழன்றுகொண்டன. ஒளிக்கு 3,80,000 ஆண்டுகள் ஆன விடுதலை, இவற்றுக்கு ஒரே நொடி! அந்தப் பழைய நியூட்ரினோக்களும் இன்று கனசென்டிமீட்டருக்குச் சுமார் 336 என்ற கணக்கில் எங்கும் பரவியிருக்க வேண்டும். ஆனால், அவற்றின் ஆற்றல் மிகக் குறைவு என்பதால் இதுவரை ஒன்றைக்கூட யாரும் நேரடியாகப் பிடித்ததில்லை.

பிடிக்க முடியாவிட்டால் என்ன, தடத்தைப் பார்க்கலாமே? பழைய ஒளி கிளம்பிய நேரத்தில் பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் சுமார் 10 சதவீதம் நியூட்ரினோக்களிடம் இருந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் ஒரு தடமும் விடாமல் போயிருக்க முடியாது.

வாசலில் எண்ணியதும், இலையை எண்ணியதும்

ஒரு கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரிய இரண்டு வழி இருக்கிறது. வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணலாம். அல்லது பந்தி முடிந்தபின் இலைகளை எண்ணலாம். இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு சரி.

நியூட்ரினோவில் எத்தனை வகை என்ற கேள்விக்கு இதே மாதிரி இரண்டு கணக்குகள் நடந்தன.

வாசல் கணக்கு ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில். அங்கே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை 'லெப்' என்ற துகள் முடுக்கி இயங்கியது. எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டு 'இசட் போசான்' என்ற துகளை லட்சக்கணக்கில் உருவாக்கினார்கள். இசட் போசான் பிறந்த வேகத்தில் உடைந்துவிடும். உடைய எத்தனை வழிகள் இருக்கின்றனவோ, அவ்வளவு சீக்கிரம் உடையும். நியூட்ரினோவாக உடைவதும் ஒரு வழி. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால், நியூட்ரினோவில் வகைகள் கூடக்கூட இசட்டின் ஆயுள் குறையும். அந்த ஆயுளை அளந்தே எத்தனை வகை என்று சொல்லிவிடலாம்.

அளவீடு எவ்வளவு நுணுக்கம் என்றால், நிலா இழுப்பதால் பூமியின் ஓடு லேசாக உப்பி, 27 கிலோமீட்டர் வளையம் ஒரு மில்லிமீட்டர் அளவு நீண்டு சுருங்குவதைக்கூடக் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. அருகில் ஓடிய பிரெஞ்சு அதிவேக ரயிலின் மின்சாரக் கசிவும் தொல்லை கொடுத்தது. இறுதி விடை: சுமார் 2.98. அதாவது மூன்று. நான்காவது சாதாரண நியூட்ரினோவுக்கு இடமில்லை.

இலைக் கணக்கு பழைய ஒளியில். நியூட்ரினோ வகைகள் அதிகமாக இருந்திருந்தால், தொடக்கத்தில் பிரபஞ்சம் இன்னும் வேகமாக விரிந்திருக்கும். அப்படியென்றால் ஒளியில் தெரியும் நுண்ணிய புள்ளிகளின் அமைப்பு மாறியிருக்கும். 2018ல் வெளியான பிளாங்க் முடிவுகளில் கிடைத்த எண் 2.99, பிழை வரம்பு 0.17. கோட்பாடு எதிர்பார்ப்பது 3.04. கச்சிதமான பொருத்தம்.

யோசித்துப் பாருங்கள். ஒன்று சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் சுரங்கத்துக்குள் நடந்த மோதல். இன்னொன்று 1,380 கோடி ஆண்டுப் பழைய ஒளியின் புகைப்படம். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றன.

சரி, எடை?

இயற்பியல் பாஷையில் 'நிறை' என்று சொல்ல வேண்டும். பேச்சு வழக்கில் எடை என்றே வைத்துக்கொள்வோம்.

நியூட்ரினோவுக்கு எடையே கிடையாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1998ல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம், சில ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம், இரண்டும் அதைப் பொய்யாக்கின. நியூட்ரினோக்கள் போகும் வழியிலேயே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன என்று தெரிந்தது. எடை இல்லாத துகள் ஒளியின் வேகத்தில் போகும். அதற்கு நேரமே ஓடாது. நேரம் ஓடாத ஒன்று எப்படி மாற முடியும்? மாறுகிறது என்றால் எடை இருக்கிறது என்று அர்த்தம். இதற்காக டக்காக்கி கஜிட்டா, ஆர்தர் மெக்டொனால்டு இருவருக்கும் 2015ல் நோபல் கொடுத்தார்கள்.

ஆனால் இந்தச் சோதனைகள் எடைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்லும், எடையைச் சொல்லாது. அண்ணன் தம்பி இருவருக்கும் எத்தனை வயது இடைவெளி என்று தெரியும், யாருடைய வயதும் தெரியாது என்பது மாதிரி. இருந்தாலும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். மூன்று நியூட்ரினோக்களின் எடையையும் கூட்டினால் குறைந்தபட்சம் சுமார் 0.06 எலெக்ட்ரான் வோல்ட் வந்தே தீர வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு எலெக்ட்ரானின் நிறை 5,11,000 எலெக்ட்ரான் வோல்ட்.

இந்த 0.06தான் தரை. இதற்குக் கீழே போக முடியாது.

தராசு தேடி 9,000 கிலோமீட்டர்

நேரடியாக எடை போடும் முயற்சி ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் 'காட்ரின்' என்ற பெயரில் நடக்கிறது. டிரிட்டியம் என்ற ஹைட்ரஜன் வகை சிதையும்போது ஒரு எலெக்ட்ரானும் ஒரு எதிர் நியூட்ரினோவும் வெளிவரும். கிடைக்கும் ஆற்றலை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும். நியூட்ரினோவுக்கு எடை இருந்தால், எலெக்ட்ரானால் முழு ஆற்றலையும் எடுத்துப்போக முடியாது, துளி குறையும். அந்தத் துளியைத்தான் அளக்கிறார்கள்.

இதற்கான 200 டன் எஃகுக் கலனை டெக்கன்டார்ஃப் என்ற ஊரில் செய்தார்கள். அங்கிருந்து கார்ல்ஸ்ரூ சுமார் 400 கிலோமீட்டர்தான். ஆனால் கலனின் குறுக்களவு 10 மீட்டர். எந்தச் சாலையிலும் போகாது! அதனால் 2006ல் டான்யூப் ஆற்றில் ஏற்றி, கருங்கடல், மத்தியத் தரைக்கடல், அட்லான்டிக் என்று ஐரோப்பாவைச் சுற்றி, ரைன் ஆறு வழியாகக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட 9,000 கிலோமீட்டர் பயணம். கடைசிச் சில கிலோமீட்டர்களில் வீடுகளை உரசாத குறையாக அது ஊர்ந்து வந்த புகைப்படம் உலகப் புகழ்பெற்றது.

2025ல் காட்ரின் வெளியிட்ட முடிவு: நியூட்ரினோவின் எடை 0.45 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இல்லை. ஆய்வகத்தில் கிடைத்த மிகத் துல்லியமான நேரடி வரம்பு இது.

வானம் போட்ட கூரை

வானத்துத் தராசு இதைவிடக் கறாரானது. அது எப்படி வேலை செய்கிறது?

பிரபஞ்சத்தில் பொருள்கள் ஈர்ப்பால் திரண்டுதான் கேலக்ஸிகளும் அவற்றின் கொத்துகளும் உருவாயின. நியூட்ரினோ வேகமாக ஓடும் துகள். ஒரு இடத்தில் தங்காது. அதன் பங்குக்குரிய எடை திரளில் சேராமல் பரவிப்போய்விடும். எனவே, நியூட்ரினோ கனமாக இருக்க இருக்க, பிரபஞ்சத்தில் திரட்சி குறையும். மாவில் தண்ணீர் கூடினால் உருண்டை பிடிக்க வராதே, அந்த மாதிரி.

பழைய ஒளி நம்மிடம் வரும் வழியில் இந்தத் திரள்களைக் கடக்கிறது. ஒவ்வொன்றின் ஈர்ப்பும் ஒளியை லேசாக வளைக்கிறது. எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்தால், எவ்வளவு திரட்சி என்று தெரியும். அதிலிருந்து நியூட்ரினோவின் எடைக்கு ஒரு மேல் வரம்பு கிடைக்கும்.

பிளாங்க் தரவோடு கேலக்ஸிகளின் இடைவெளி பற்றிய அளவீடுகளையும் சேர்த்தபோது, மூன்றின் கூட்டு எடை 0.12க்குள் இருக்க வேண்டும் என்று வந்தது. பிறகு அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள 'டெசி' கருவி வந்தது. 5,000 கண்ணாடி இழைகளை வைத்து ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளின் தூரத்தை அளக்கும் கருவி. அதன் தரவைப் பழைய ஒளியோடு சேர்த்துப் பார்த்ததில் 2024ல் வரம்பு 0.072க்கு இறங்கியது. 1.4 கோடிக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளையும் குவேசார்களையும் சேர்த்த 2025 முடிவில் 0.064.

இதுதான் கூரை. அது இறங்கிக்கொண்டே வருகிறது. தரை 0.06ல் நிற்கிறது. நடுவே நியூட்ரினோவுக்குத் தலை நிமிர்த்தக்கூட இடமில்லை.

இதில் இன்னொரு வினோதமும் உண்டு. 'எடை பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகலாம்' என்று கணக்கில் அனுமதி கொடுத்துப் பார்த்தபோது, தரவு எதிர்மறை எடைப் பக்கமே சாய்ந்தது. எதிர்மறை எடையில் துகள் இருக்க முடியாது. அப்படியென்றால், கணக்கில் எங்கோ ஒரு வரி தப்பு.

தப்பு எங்கே இருக்கலாம்?

முதல் சாத்தியம், இது வெறும் தற்செயல். கூடுதல் தரவு வந்தால் எண் கொஞ்சம் ஏறலாம். இந்த அளவு இடிப்பை வைத்து யாரும் இன்னும் 'கண்டுபிடிப்பு' என்று அறிவிக்கவில்லை.

இரண்டாவது, அளவீட்டுப் பிழை. முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கியபோது எலெக்ட்ரான் மூட்டம் மறுபடியும் பரவி, பழைய ஒளியைச் சற்று மங்கலாக்கியது. எவ்வளவு மங்கியது என்பதை அளப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்த எண் மாறினால் நியூட்ரினோ எடையும் மாறும்.

மூன்றாவது, இருண்ட ஆற்றல். பிரபஞ்சத்தை வேகமாக விரியவைக்கும் இந்த ஆற்றல் காலத்தால் மாறாதது என்ற அனுமானத்தில்தான் 0.064 என்ற எண் கிடைத்தது. அது காலப்போக்கில் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் கூரை சுமார் 0.16க்கு உயர்ந்துவிடும், இடிப்பு போய்விடும். டெசி தரவிலேயே இருண்ட ஆற்றல் மாறுவதற்கான அறிகுறிகள் இருக்கின்றன. ஆனால், அதை ஏற்றால் கடந்த கால் நூற்றாண்டாக நம்பிவரும் பிரபஞ்ச மாதிரியையே திருத்த வேண்டும்.

நான்காவது, நியூட்ரினோ பற்றி நமக்கு ஏதோ தெரியவில்லை. நீண்ட காலத்தில் அது வேறு இலகுவான துகளாகச் சிதைந்துவிடுகிறதோ என்றுகூடக் கோட்பாட்டாளர்கள் யோசிக்கிறார்கள்.

கோலார் முதல் தேனி வரை

பழைய ஒளி பற்றிய கட்டுரைகள் வெளியான அதே 1965ல், நியூட்ரினோ ஆய்விலும் ஒரு மைல்கல் நடந்தது. இடம், கோலார் தங்க வயல். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த அந்தச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உருவாக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகள் அடங்கிய குழு பதிவுசெய்தது. உலகில் முதலாவதாக அதைப் பார்த்த குழுக்களில் அதுவும் ஒன்று.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம் பற்றி எல்லோருக்கும் தெரியும். மலையைக் குடைவது, மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல், புலிகளின் வழித்தடம் என்று எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் நடந்தன. 2022ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவுசெய்தது. அந்தச் சர்ச்சையில் அதிகம் பேசப்படாத விஷயம், அங்கே எதைத் தேடப்போகிறார்கள் என்பது. 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை வைத்து அவர்கள் கண்டறிய நினைத்தது நியூட்ரினோ எடைகளின் வரிசையை.

வரிசை ஏன் முக்கியம்? மூன்றில் இரண்டு இலகு, ஒன்று கனம் என்றால் தரை 0.06. அதுவே தலைகீழாக, இரண்டு கனம், ஒன்று இலகு என்றால் தரை 0.10க்கு ஏறிவிடும். வானத்துக் கூரையோ 0.064. கூரையைவிடத் தரை உயரத்தில் இருக்கும் வீடு எங்காவது உண்டா?

அடுத்து என்ன?

அந்த வரிசையை இப்போது தேடிக்கொண்டிருப்பது சீனாவின் 'ஜூனோ'. குவாங்டாங் மாகாணத்தில் 700 மீட்டர் ஆழத்தில், 20,000 டன் ஒளிரும் திரவத்துடன், 53 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அணு உலைகளிலிருந்து வரும் நியூட்ரினோக்களை 2025 ஆகஸ்ட் முதல் பதிவுசெய்துவருகிறது. விடை உறுதியாகச் சில ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் 'டியூன்', ஜப்பானில் 'ஹைப்பர் காமியோகாண்டே' இரண்டும் கட்டப்பட்டுவருகின்றன.

வானத்தின் பக்கம், சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சைமன்ஸ் ஆய்வகம் பழைய ஒளியின் வளைவை இன்னும் நுணுக்கமாக அளக்கிறது. 2023ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைநோக்கி கேலக்ஸிகளின் திரட்சியைப் படமெடுக்கிறது.

ஜூனோ 'தலைகீழ் வரிசை' என்று சொன்னால், வானக் கணக்கு அப்படியே நிற்க முடியாது. பிரபஞ்சம் பற்றிய பாடத்தில் ஒரு பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். 'நேர் வரிசை' என்று சொன்னால், தரைக்கும் கூரைக்கும் இடையே மிச்சமிருக்கும் அந்த 0.004 இடைவெளிக்குள் நியூட்ரினோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த முறை வாசலில் எண்ணியவர்களும் இலையை எண்ணியவர்களும் ஒரே எண்ணைச் சொல்வார்களா என்பது இன்னும் சில ஆண்டுகளில் தெரிந்துவிடும்.